முடியாது என்பதற்கு ஒரு காரணம்

சுவிட்சர்லாந்தின் துன் நகரில் அப்பா ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தார். எனக்குப் பதினைந்து வயது. பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் பள்ளியான கிம்னாசியத்தில் சேரும் பரீட்சைக்கு வகுப்பு வாத்தியார்தான் பெயர் கொடுக்கவேண்டும். அவர் அப்பாவையும் என்னையும் கூப்பிட்டு, "கிம்னாசியம் உங்கள் மகளுக்குச் சரிவராது. முதியோர் இல்லத்தில் தொழில் பழகட்டும்" என்றார். நான் அதைத் தமிழில் சொல்ல, அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் வாத்தியார் சொன்னால் சொன்னதுதான். நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் அழுதேன்.

அந்த இலையுதிர்கால விடுமுறையில் பேர்ன் நகரில் ஒரு கணிதப் பட்டறை நடந்தது. பல்கலைக்கழகப் பக்கமே தலைவைத்துப் படுக்காத குடும்பங்களின் பிள்ளைகளுக்கானது. நடத்தியவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை கதிரை போட்டு, இருபத்தைந்து பேரையும் உட்காரவைத்தார்.

"நான் கைதட்டியதும் ஒவ்வொருவரும் முன்னால், பின்னால் அல்லது பக்கத்தில் உள்ள கதிரைக்கு மாறவேண்டும். ஒருவரும் நிற்கக்கூடாது. எப்படி என்று நீங்களே யோசியுங்கள்."

இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் சும்மா இருக்க முடியுமா? நானே தலைவியாகி எல்லோரையும் ஏவினேன். ஒரு போர்த்துக்கீசப் பெண் கதிரையில்லாமல் நின்றாள். அவளுக்கு வழிசெய்தால் வேறொருத்தி நின்றாள்.

"இது முடியாத காரியமோ என்னவோ" என்றாள் போர்த்துக்கீசப் பெண்.

"முடியாததை ஏன் கேட்கிறார்கள்?" என்று சீறினேன். சுவிஸுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் நான் பழைய வினாத்தாள்களைச் செய்து செய்து படித்தவள். விடை வராவிட்டால் பிழை எங்களுடையது. கேள்வியைச் சந்தேகிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நடத்தியவர் கறுப்பு, வெள்ளைக் காகிதங்களைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சதுரங்கப் பலகைபோல மாறிமாறிக் கதிரைகளில் ஒட்டினோம். கறுப்பில் இருப்பவர் வெள்ளைக்குத்தான் போகலாம். கறுப்பு பதின்மூன்று, வெள்ளை பன்னிரண்டு. பதின்மூன்று பேருக்குப் பன்னிரண்டு கதிரைதான். நூறு வருடம் மாறிமாறி உட்கார்ந்தாலும் ஒருத்தி நிற்கத்தான் வேண்டும். முடியாது என்பதற்கும் காரணம் காட்டவேண்டும் என்றார் நடத்தியவர். காட்டும்வரை அது வெறும் வாய்ப்பேச்சு. ஆறுக்கு ஆறு என்றால்? நடுக் கதிரையை எடுத்துவிட்டால்? ரயிலில் வீடு வரும்வரை இதே யோசனை.

"கணக்கு வந்ததோ?" என்றார் அப்பா.

"இல்லை. வராது எண்டு கண்டுபிடிச்சம்."

"வராத கணக்குக்காகவோ பேர்ன் வரைக்கும் போனனீ?"

"ஏன் வராது எண்டு எங்களாலை சொல்ல ஏலும் அப்பா. வாத்தியார் ஏன் எண்டு சொல்லேல்லையே."

அப்பா வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஆனால் விடுமுறை முடிந்ததும், வாத்தியாரிடம் போவோம் என்று நான் கூப்பிட்டபோது வந்தார்.

கிம்னாசியம் எனக்கு ஏன் சரிவராது என்று கேட்டேன். ஜெர்மன் போதாது என்றார் வாத்தியார். போன தவணைப் புள்ளிகளைக் காட்டினேன். வீட்டில் சொல்லித்தர ஆளில்லை என்றார். இதுவரை யார் சொல்லித்தந்தார்கள் என்று கேட்டேன்.

"அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் ஆட்களுக்கு அது கஷ்டம்" என்றார்.

அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா வாத்தியாரின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"அது காரணமில்லை எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். வாத்தியார் பரீட்சைக்கு என் பெயரை எழுதும்வரை அப்பா அசையவில்லை.