ஆரின் டாட்லக் சொல்லிச் செய்த துப்பாக்கி

அமெரிக்காவில் எங்கள் வயோமிங் பக்கத்தில் ஆரின் டாட்லக்கைப் போல ஒரு வெட்டிப் பந்தாக்காரன் கிடையாது. கடையில் விற்கும் துப்பாக்கி அவனுக்குக் கேவலம். தன் தோளுக்கும் கைக்கும் அளவு கொடுத்து, இரண்டு வருடம் காத்திருந்து, தனியாக ஒன்று செய்து வாங்கினான். அந்த இரண்டு வருடமும் ஒரு குண்டுகூடச் சுட்டுப் பழகவில்லை. “கடைத் துப்பாக்கியத் தொட்டா கை கெட்டுடும்” என்றான்.

போன சனிக்கிழமை, ஆயிரம் கஜ தூரத்தில் தொங்கும் இரும்புத் தகட்டைச் சுடும் போட்டி. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வில்மா, கடைத் துப்பாக்கியோடு வந்தாள்.

“ஏன்க்கா, பூனைக்குத் தீனி வாங்குன கடையிலயே இதையும் வாங்குனியா?” என்று ஆரின் இளித்தான்.

வில்மா துப்பாக்கியோடு தரையில் படுத்தாள். காற்றில் புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சுட்டாள். ஐந்தில் நான்கு குண்டுகள் இரும்புத் தகட்டில் டங்கென்று பட்டன. ஆரின் காற்றைக் கவனிக்கவே இல்லை. ஐந்தும் குறி தப்பிப் பின்னாலிருந்த மலைக்குப் போயின.

“துப்பாக்கியில ஏதோ கோளாறுப்பா” என்று நாங்கள் சீண்டினோம். ரோஷம் வந்து அதை வில்மாவிடம் நீட்டினான். “நீயே சுட்டுப் பாருக்கா!”

அவள் மறுபடி புல்லைப் பார்த்தாள். ஐந்து முறை சுட்டாள். ஐந்தும் டங், டங்.

ஆரின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினான்.

“பாத்தீங்களாடா? கோளாறு துப்பாக்கியில இல்லன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?”