என் வீட்டுக்காரர் கப்புக்குப் போதுமா

என் வீட்டுக்காரரை நடுவில் வைத்துக்கொண்டு கப் ஜெயிக்க முடியுமா என்று கோச் கேட்டார். முடியாது என்று சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். அதற்கு அந்த வாரம் முழுக்க என்னை வறுத்தெடுத்தார்கள்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். காலேஜில் ஃபுட்பால் ஆடினேன். நானும் நடுவில்தான் ஆடினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் விட்டேன், அவர் விடவில்லை. டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் ஆனால் கடையை வேலைக்கு இருக்கும் ஆளிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். பத்து வருஷமாக அந்த டீமுக்கு நடுவில் அவர்தான். டீம் இரண்டு முறை ஃபைனல் வரை போயிருக்கிறது. இரண்டு முறையும் தோற்றது. இந்த வருஷம் மூன்றாவது முறை.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்மண் தரை, புல் கிடையாது. மேற்கே சாக்கடை ஓடுகிறது, தரை அந்தப் பக்கம் சரிந்து கிடக்கிறது. யார் எங்கே உதைத்தாலும் பந்து கடைசியில் மேற்கே உருண்டு வரும். என் வீட்டுக்காரர் அங்கே நிற்பார். பந்து காலுக்கு வரும். அழகாக நிறுத்துவார், அழகாகக் கொடுப்பார். சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுவார்கள். "பந்து அண்ணனைத் தேடி வருதுப்பா" என்பார்கள். பந்து அவரைத் தேடி வரவில்லை. சாக்கடையைத் தேடிப் போகிறது, அவர் வழியில் நிற்கிறார். இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. யாரும் அவரிடம் சொன்னதில்லை.

செமிஃபைனல் காந்திகிராமம் பக்கம் ஒரு புல் மைதானத்தில் நடந்தது. தரை மட்டமாக இருந்தது. அங்கே பந்து வந்து சேரவில்லை. இவர் காத்துக்கொண்டு நின்றார். வந்த பந்துகளையும் பின்னாலிருந்து வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் கோல்கீப்பர் பறந்து பறந்து பிடித்ததால் ஜெயித்தோம். எல்லாரும் கோல்கீப்பரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஃபைனலும் அதே மைதானத்தில்தான்.

திங்கட்கிழமை கோச் என் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். ரிட்டயர்டு ஆள், நல்ல மனுஷன் என்று பெயர்.

"தாயி, ஒண்ணு கேப்பேன். மனசுல எதையும் வச்சுக்காமச் சொல்லணும்."

"கேளுங்க சார்."

"உன் வீட்டுக்காரனை வச்சு ஞாயித்துக்கெழமை தேறுமா?"

"தேறாது."

"செத்த நேரம் யோசிச்சுச் சொல்லு தாயி."

"யோசிக்க என்ன சார் இருக்கு? பந்து கால்ல இருக்கும்போது எல்லாரும் நல்லாத்தான் தெரிவாங்க. பந்து வர்றதுக்கு முன்னாடி பாக்கணும். நடுவுல ஆடுறவன் தலையத் திருப்பிப் பின்னாடி யாரு இருக்கான்னு பாக்கணும். இவரு பாக்க மாட்டாரு. கடைல வண்டிக் கண்ணாடி விக்கிற ஆளு, பின்னாடி பாக்க மாட்டேங்குறாரு. அம்புட்டுத்தான்."

"அப்ப யாரு?"

"ரெட்டியார்சத்திரத்துப் பையன்."

ரெட்டியார்சத்திரத்துப் பையன் என்பவன் இந்த வருஷம் டீமுக்கு வந்தவன். பூ விவசாயக் குடும்பம். அவனுக்கு அழகான ஆட்டம் கிடையாது. ஆனால் ஒரு நிமிஷம் தலை நிற்காது, கோழி மாதிரி திருப்பிக்கொண்டே இருப்பான்.

"எனக்கும் அதேதான் தோணுச்சு" என்று சொல்லிவிட்டுக் கோச் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தோன்றிவிட்ட பிறகு என்னிடம் ஏன் வந்து கேட்கிறார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிட்டார். ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"நீ சொன்னியா?"

"எதை?"

"கோச்சுகிட்ட. எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுட்டுச் சொல்றாரு, உன் பொண்டாட்டியே தேறாதுன்னு சொல்லிட்டா, நான் என்னப்பா பண்றதுன்னு. எல்லாப் பயலும் சிரிக்கிறான்."

கல்லில் தோசை கருகியது. நான் அடுப்பை அணைத்தேன்.

"சொன்னேன்" என்றேன்.

"என்னன்னு சொன்ன?"

"நீங்க பின்னாடி பாக்குறதில்லன்னு சொன்னேன்."

"பத்து வருசமா ஆடுறேன் புள்ள."

"பத்து வருசமாப் பாக்கல."

மாமியார் உள்ளே இருந்து வந்துவிட்டார். "கட்டுன புருசனைப் பத்தி யாராவது வெளிய இப்படிச் சொல்லுவாளா? கேட்டா, நல்லா ஆடுவாருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? வாயில என்ன முள்ளா இருக்கு?"

"நல்லா ஆடுவாருன்னுதான் அத்தை எல்லாரும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அதனாலதான் ரெண்டு ஃபைனல் போச்சு."

"ரெண்டும் என்னாலயா தோத்துச்சு?" என்றார் அவர்.

நான் கருகிய தோசையைக் கல்லிலிருந்து சுரண்டினேன். அதுவே பதிலாகிவிட்டது. அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மாமியார் தோசைக்கு வைத்த வெஞ்சனத்தை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மறுநாள் சாயங்காலம் நேராக மைதானத்துக்குப் போனேன். கோச்சைத் தனியே கூப்பிடவில்லை. எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"முடிவு எடுத்தது நீங்க சார். எம் பேரை எதுக்குச் சொன்னீங்க?"

"கோவிச்சுக்காத தாயி. நான் சொன்னா சண்டைக்கு வருவான். நீ சொன்னா கேப்பான்னுதான்."

"சண்டை உங்களுக்கு வரக் கூடாது. என் வீட்டுல நடந்தாப் பரவாயில்லையா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. இந்த நல்ல மனுஷர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பத்து வருஷம் கூடவே நின்று பார்த்தவர். பின்னால் பாருடா என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் வருத்தப்படுவான் என்று சொல்லவில்லை. இப்போது மொத்தமாகச் சேர்த்து, என் வாயை வைத்துச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை விடியற்காலை என் வீட்டுக்காரர் என்னை எழுப்பினார். திங்கட்கிழமை ராத்திரிக்குப் பிறகு என்னிடம் பேசாத ஆள்.

"என்னமோ பின்னாடி பாக்கலன்னியே. காட்டு."

பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். போகிற வழியிலேயே ரெட்டியார்சத்திரத்துப் பையனுக்கு ஃபோன் போட்டேன். அவன் அந்த நேரத்துக்குப் பூ மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்புவான். இவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"அவனையா கூப்பிட்ட?"

"பின்னாடி நிக்க ஒரு ஆளு வேணும். அத்தையைக் கூப்பிடவா?"

அவர் வண்டியை எடுத்தார்.

வேலை இதுதான். நான் எதிரில் நின்று பந்தைத் தள்ளுவேன். பையன் அவருக்குப் பின்னால் நின்று இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்வான். பந்து காலுக்கு வருவதற்குள் இவர் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது.

"இடது" என்றார்.

"அண்ணே, இந்தப் பக்கம்தாண்ணே இருக்கேன்" என்றான் பையன் வலப்பக்கத்திலிருந்து.

"திரும்பிப் பாக்கவே இல்ல. குத்துமதிப்பாச் சொல்றாரு" என்றேன்.

"பாத்தேன்."

"பாக்கல."

"பாத்தேன்னு சொல்றேன்ல!"

மறுபடி தவறு, மறுபடியும். பையன் தயங்கித் தயங்கி, "மதினி, அண்ணனுக்கு வேணா நான் கொஞ்சம் மெதுவா நகரவா?" என்றான். அதுதான் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் பந்தைச் சுவருக்கு வெளியே ஓங்கி உதைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பந்தைத் தேடி எடுத்துவிட்டு நான் ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். போனால் மாமியார், "இப்பத் திருப்திதான?" என்றார்.

மறுநாள் விடியலில் அவரே ஷூவைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பையனுக்கு அவரே ஃபோன் செய்திருந்தார். சனிக்கிழமைக்குள் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார். கழுத்து திரும்ப ஆரம்பித்திருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கேட்டார்.

"இப்பப் போதுமா?"

போதும் என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் எப்படியும் வெளியேதான் உட்காரப்போகிறார், ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும். ஆனால் அந்த மாதிரி வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த மனுஷன் இங்கே வந்து நின்றார்.

"போதாது" என்றேன். "நாலு நாளுல வந்துராது."

தலையை ஆட்டிக்கொண்டு குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். மைக்கில் ஒருத்தர் விடாமல் கத்திக்கொண்டிருந்தார். பையன் நடுவில் ஆடினான். என் வீட்டுக்காரர் பெஞ்சில், கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம், பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் பாதியில் கார்னரில் ஒரு கோல் போட்டோம். எதிர் டீமில் எட்டாம் நம்பர் ஒருத்தன், பூனை மாதிரி பின்னால் வந்து பந்தை எடுக்கிறவன். பையன் அவனை ஒரு இடத்தில்கூட விடவில்லை. நான் சொன்னது சரி என்று கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

இரண்டாம் பாதி நடுவில் பையனுடைய கணுக்காலில் உதைத்துவிட்டார்கள். ஸ்ப்ரே அடித்தார்கள், எழுந்தான், நொண்டினான். எட்டாம் நம்பர் இரண்டு தடவை அவனைத் தாண்டிப் போனான்.

கோச் கயிற்றுப் பக்கம் வந்தார். வந்து என்னைப் பார்த்தார்.

"தாயி, இறக்கவா?"

"நீங்கதான சார் கோச்சு."

"எனக்கு ஒண்ணும் ஓடல தாயி. நீ சொல்லு."

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். அவர் கோச்சைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கூட்டத்தில் பாதிப் பேர் எங்களைத்தான் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நின்றால் அந்தக் கோச் கடைசி வரை ஒன்றும் செய்ய மாட்டார், நொண்டுகிற பையனையே ஓட விடுவார். இறக்கச் சொல்லி, தோற்றுப்போனால், அதுவும் என் தலையில் விழும். மைதானத்தைப் பார்த்தேன். எட்டாம் நம்பர் மறுபடி ஓடிவந்தான், பையனால் திரும்ப முடியவில்லை.

"இறக்குங்க" என்றேன். "கால் போன அவனுக்கு இவரு மேலு."

நல்லபடியாகச் சொல்லியிருக்கலாம். வந்தது அப்படித்தான் வந்தது. அவர் காதில் விழுந்தது. ஓடினார்.

முதல் பந்து வந்தது. கழுத்து திரும்பியது. எட்டாம் நம்பர் இடப்பக்கம். இவர் வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் இருந்தவனுக்குக் கொடுத்தார். யாரும் கை தட்டவில்லை, தட்டுகிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. நான் மூச்சு விட்டேன். அடுத்ததும் அப்படியே. அப்புறம் ஒரு பந்துக்குப் பழைய பழக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார். எட்டாம் நம்பர் பிடுங்கிக்கொண்டு ஓடி அடித்தான், பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. நான் கயிற்றை இழுத்த இழுப்பில் கம்பு ஒன்று சாய்ந்தது. அதற்குப் பிறகு அவர் தலை நிற்கவே இல்லை.

முடியப்போகும் நேரத்தில் எதிர் டீமுக்கு ஒரு ஃப்ரீ கிக். சுவர் மாதிரி நின்ற எங்கள் ஆட்களுக்கு மேலே போய் கோலுக்குள் விழுந்தது. அது யார் தப்பும் இல்லை. ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் பெனால்டிக்குப் போனது. என் வீட்டுக்காரர் போட்டார். வேறு இருவர் வெளியே அடித்தார்கள். கோல்கீப்பருக்கு அன்றைக்கு ஒன்றும் கையில் நிற்கவில்லை. தோற்றோம். மூன்றாவது முறை.

கூட்டம் கலைகிறபோது டீம்காரன் ஒருத்தன் எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னான்.

"டீச்சர் பேச்சைக் கேட்டுக் கப்பு போச்சுல்ல. அண்ணனை முதல்லயே இறக்கியிருந்தா இந்நேரம் ஊர்வலம் போயிருப்போம்."

நான் திரும்புவதற்குள் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, முதல்லயே நான் இறங்கியிருந்தா பெனால்டி வரைக்கும் போயிருக்காதுடா. பாதியிலயே மூணு கோல் வாங்கியிருப்போம். வாய மூடிட்டு வண்டில ஏறு."

அவன் ஏறினான். கோச் பந்துகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் பைக்கில் கிளம்பினோம். சின்னாளபட்டி தாண்டியதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தனை தடவ பாக்காம விட்டேன்?"

"மூணு."

"ரெண்டுதான்."

"மூணு. கம்பத்துல பட்டது ஒண்ணு. லைன் பக்கத்துல ஒண்ணு. அப்புறம் அந்தத் த்ரோ."

"த்ரோவெல்லாம் கணக்குல வராது."

"ஏன் வராது? பின்னாடி ஆளு நின்னான்ல?"

"ஒரு பாகம், ஆறடி தள்ளி நின்னான் புள்ள."

"ஒரு பாகம் தள்ளி நின்னா அவன் ஆளு இல்லையா?"

அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அவன் எங்கே நின்றான், பந்து எங்கிருந்து வந்தது என்று ரோட்டோரத்து மண்ணில் காலால் கோடு போட்டுக் காட்ட ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். அவர் போட்ட கோடு தப்பு. அதை அழித்துவிட்டு, சரியான இடத்தில் நான் ஒரு கோடு போட்டேன்.