வாசலில் வேப்பிலை கட்டிய காய்ச்சல்

என் கணவருக்குக் காய்ச்சல் வந்தபோது மாட்டுப்பொங்கலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அந்த மாதத்தில் ஆண்களுக்குக் காய்ச்சல் வர நேரமே கிடையாது. இவர் ஜல்லிக்கட்டுக்கு வளர்க்கும் காளைக்கு நீச்சல், நடை, பருத்திக்கொட்டை என்று ஆயிரம் வேலை. காளை மேல் உண்ணி ஒட்டினால் மருந்து போட விடமாட்டார். மருந்து பட்டால் காளையின் வேகம் குறைந்துவிடும் என்பது இவர் கட்சி. தினமும் காலையில் தொழுவத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நகத்தில் வைத்து நசுக்குவார். எனக்கு ஒரு நாளாவது தலை வாரிவிட்டிருப்பாரா?

முதல் இரண்டு நாள் காய்ச்சல் மாத்திரை போட்டார். மூன்றாம் நாள் கை, கால் எல்லாம் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. பார்த்ததுமே அம்மை என்று முடிவு செய்துவிட்டேன். நான் விளாங்குடியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். ஊரில் யாருக்கு என்ன விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்டவள் மாத்திரை அட்டையை எடுத்துப் பரண் மேல் போட்டேன். வாசலில் வேப்பிலை கட்டினேன், தாளிப்பதை நிறுத்தினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வெளியிலேயே நின்று, "ஆத்தா வந்திருக்கா. மூணு தண்ணி ஊத்துனா எறங்கிருவா, பயப்படாத" என்றார்.

ஐந்தாம் நாள் வேப்பிலையால் இவர் காலைத் தடவிக்கொடுத்தபோது கவனித்தேன். உள்ளங்காலிலும் புள்ளிகள் இருந்தன. ஒன்றில்கூட அம்மைக் கொப்புளம் போல நீர் கோத்திருக்கவில்லை. இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "யாரு?" என்றார். அதுவரை ஆத்தாவுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் இவர் செத்துவிடுவாரோ என்று பயந்தேன். அக்கா தடுக்கத் தடுக்க ஆட்டோவில் ஏற்றினேன்.

மதுரையில் டாக்டர் இவருடைய உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பார்த்துவிட்டு, "வீட்ல மாடு இருக்காம்மா?" என்று கேட்டார். காளையைப் பற்றியும் நகத்தைப் பற்றியும் சொன்னேன்.

"கையாலயா?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது அம்மை இல்லம்மா, உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிச்சா அதுல இருக்க பாக்டீரியா உள்ள போயிரும். நசுக்குறப்ப கைக்காயம் வழியாவும் போகும். இப்ப இது நெறையப் பேருக்கு வருது. மருந்து இருக்கு. ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், இப்பவே ஆரம்பிச்சிருவோம்."

மருந்து இருக்கு என்றதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் சரியாக விழவில்லை.

மருந்து ஆரம்பித்து இரண்டு நாள் கழித்துக் காலையில் இவருக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் இல்லை என்று நர்ஸ் சொன்னார். நான் நம்பாமல் மறுபடி பார்க்கச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டதும், "அக்கா, இல்லன்னா இல்லதான்" என்று தெர்மாமீட்டரை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பிடித்துக்கொண்டே அழுதேன். அம்புட்டு நிம்மதியை என் வாழ்க்கையில் நான் அனுபவித்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இவரிடம் உண்மையைச் சொன்னேன். "அம்மைன்னு மாத்திரைய நிறுத்துனது நான்தாங்க."

இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "நானும் ஒண்ணு சொல்லல. காய்ச்சலுக்கு முன்னாடி இடுப்புல ஒரு உண்ணி கடிச்சுக் கெடந்துச்சு. பிச்சு எறிஞ்சுட்டேன். ஒங்கிட்டச் சொன்னா காளைய விக்கச் சொல்லுவியேன்னு..."

அந்த ஏழு நாளும் எனக்குக் கோபமே வரவில்லை. பயம் அதற்கு இடம் விடவில்லை. இப்போது வந்தது பாருங்கள், வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். இவர் பதிலுக்குப் பதில் பேசினார். நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.