பல் செட்டு மூஹுவோ கூடு மாற்றிய கதை

ஃபெங்யுவான் சந்தைக்குப் பின்னால் முப்பத்தைந்து வருடம் பல் செட்டு செய்துகொடுத்தவர் ஜியென் மூஹுவோ. அந்த வட்டாரத்தில் அறுபது தாண்டியவர்கள் வாய்விட்டுச் சிரித்தால், பாதிப் பேருடைய சிரிப்பு அவர் மேசையிலிருந்து போனதாகத்தான் இருக்கும். மயிரிழை உயரம் கூடினாலும் கடிக்கும்போது தெரிந்துவிடும் என்பார். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே கடைவாய்ப் பல்லை அரை மணி நேரம் ராவுவார். இவ்வளவு நுணுக்கமான மனிதர் தன் இடுப்பைச் சுற்றி ஏறியிருந்த எட்டு கிலோவை மட்டும் ஒருநாளும் கவனித்ததில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குச் சைக்கிள் பித்துப் பிடித்தது. ஊரில் ஒரு சைக்கிள் சங்கம் உண்டு. வருடம் தவறாமல் நவம்பரில் அவர்கள் பூலியிலிருந்து ஊலிங் கணவாய்க்கு ஏறுவார்கள். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், சமதரை என்று சொல்லிக்கொள்ள ஓரிடம் கிடையாது. பின்னால் மூஹுவோவின் மனைவி பீஷியா நீலநிறச் சின்ன லாரியில் இஞ்சித் தேநீரும் வாழைப்பழமுமாக வருவாள். சுய்ஃபெங் என்ற இடத்தைப் பதினோரு மணிக்குள் தாண்டாதவர் சைக்கிளைப் பின்னால் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். அது சங்கத்து விதி.

மூன்று வருடம் தொடர்ந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தவர் மூஹுவோ. முதல் வருடம் சுளுக்கு என்றார். இரண்டாம் வருடம் எதிர்காற்று. மூன்றாம் வருடம் அவர் வாயைத் திறப்பதற்குள் பீஷியாவே, "பன்னிக்கறிச் சோறு, மூணு கிண்ணம்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு அவருக்கு ரோஷம் வந்தது. "அடுத்த வருஷமும் உன் லாரியில ஏறி மேல போனேன்னா, சைக்கிளை வித்துட்டு மீன் தொட்டி வாங்கி வெச்சுக்கிறேன்" என்றார். பீஷியா சிரித்தாள். இரவு வீட்டுக்கு வந்ததும் அவர் சைக்கிளைத் துடைத்த விதத்தைப் பார்த்தபோதுதான், மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது.

மூஹுவோ மாதக்கணக்கில் யோசித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். வயிறு அல்ல, வயது அல்ல. பின்சக்கரத்தடியில் தொங்கிக்கொண்டு கியர் மாற்றுகிற டீரெயிலரின் கூடு. சங்கிலி அந்தக் கூட்டுக்குள் இரண்டு சின்னப் பற்சக்கரங்களைச் சுற்றி நெளிந்து வருகிறது. சக்கரம் சின்னது, அதனால் நெளிவு அதிகம், அதனால் உராய்வு, அதனால் லாரி.

புதுக் கூடு, பல் அச்செடுக்கும் பிளாஸ்டர் டப்பாவுக்குள் ஒளிந்து வீட்டுக்குள் வந்தது.

"என்னது இது?" என்றாள் பீஷியா.

"பிளாஸ்டர்."

"பிளாஸ்டர் எப்பலேருந்து தங்க நிறத்துல வருது?"

மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் மூஹுவோ கடை விரித்தார். "பாரு, சக்கரம் எவ்வளவு பெரிசு! உள்ள பேரிங்ல பீங்கான் குண்டு. மிதிக்கிற மிதி அப்படியே ரோட்டுக்குப் போகும். ரெண்டு வாட் மிச்சம்."

"ரெண்டு வாட்டுன்னா?"

"நம்ம பூஜை மாடத்துல சிவப்பா ரெண்டு சின்ன பல்பு எரியுதுல்ல, கிட்டத்தட்ட அவ்வளவு."

"அதைக் கழட்டிட்டா மலையேறிடலாமா கெழவா?"

"உனக்கு விஞ்ஞானம் புரியாது."

"பன்னிக்கறி புரியும். ஒரு கிண்ணம் குறைச்சா எத்தனை வாட்?"

"அது வேற கணக்கு" என்று அவர் கூட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார்.

சைக்கிள் கடைக்காரன் குவோதோங் இரண்டு தடவை கேட்டான்: "மூஹுவோ அண்ணே, கொண்டு வாங்க, நான் மாட்டித் தர்றேன். காசு வேணாம்." மூஹுவோ கேட்கவில்லை. "தம்பி, நான் வாய்க்குள்ள இருபத்தெட்டு பல்லை நிறுத்துறவன். இது ரெண்டே சக்கரம்." பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மாட்டினார். சங்கிலியையும் புதிதாக, நீளமாகப் போட்டார்.

மறுநாள் தெருவில் ஓட்டியபோது சர்ர்ர் என்று ஒரு சத்தம், கோடைக்காலத்துச் சிள்வண்டு மாதிரி. தெருமுனை நூடுல்ஸ் கடைக்காரி தலையை நீட்டிப் பார்த்தாள். மூஹுவோ கலங்கவில்லை. அன்று மாலையே சங்கத்துச் செல்பேசிக் குழுவில் நீளமாக எழுதினார்: அது பீங்கான் குண்டுகள் புதிதில் போடும் ஒலி, ஓட ஓடப் பழகிவிடும், மலிவுச் சாமான்களில் அந்த ஒலி வராது. பதினான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

நவம்பர் வந்தது. விடியற்காலை பூலியில் எல்லோரும் கூடி நின்றபோது குவோதோங் முதல் தடவையாக அந்தக் கூட்டைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தவன் நேராக லாரியருகே வந்தான்.

"அண்ணி, சிரிக்காம கேளுங்க. கூட்டுக்கு நடுவுல நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கு. சங்கிலி அதுக்கு உள்பக்கமா போகணும். அண்ணன் வெளிப்பக்கமா விட்டிருக்காரு. ரெண்டு மாசமா தகட்டை அறுத்துக்கிட்டு ஓடுது."

"அப்ப மிச்சமான ரெண்டு வாட்?"

"போய் அஞ்சு வாட் கடன்ல நிக்குது."

"போய்ச் சொல்லேன்."

"பதினாலு பேர் முன்னாடியா? பீங்கான் பத்தி அவ்வளவு எழுதினவருகிட்டயா?" குவோதோங் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் திருகு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான். "கீழ்ச் சக்கரத்துத் திருகைத் தளர்த்தி, சங்கிலியை இந்தப் பக்கம் எடுத்துவிட்டு மூடுங்க. ரெண்டு நிமிஷம்."

வழியில் ஊஷெ என்ற ஊரில் எல்லோரும் நிற்பது வழக்கம். மூஹுவோ கழிப்பறைக்குப் போனார். திரும்பும்போது தேநீரில் வேகவைத்த முட்டை வாங்குவார், ஒன்று போதாமல் இன்னொன்று வாங்குவார் என்று பீஷியாவுக்குத் தெரியும். முப்பது வருடம் அவர் பட்டறையில் மெழுகு வார்த்த கை அவளுடையது. முதல் முட்டையை உரிப்பதற்குள் வேலை முடிந்தது. இரண்டாவதை விழுங்குவதற்குள் கையையும் துடைத்துவிட்டாள்.

மூஹுவோ ஏறி நாலு மிதி மிதித்தார். சத்தம் இல்லை. திரும்பி வந்து லாரி ஜன்னலில் தட்டினார்.

"கேட்டியா? பழகிடுச்சு! நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

அவள் உண்மையைச் சொல்லவேயில்லை. பல தடவை நாக்கு நுனிவரை வந்தது. அதற்கடுத்த மார்ச்சில், மருத்துவமனையில், எலும்பும் தோலுமாய்ச் சாய்ந்துகொண்டு அவர் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பீங்கான் குண்டுகள் பழகும் விதத்தை விளக்கினார். பீஷியா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர் "அப்படியா" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். "ஆமாம், எனக்குக்கூட நல்லாக் கேட்டுச்சு" என்றாள். ஏப்ரலில் மூஹுவோ போய்ச் சேர்ந்தார்.

அதெல்லாம் பிறகு. அந்த நவம்பர் நாளில், கூடு சரியான பின்னும் மலை மலையாகத்தான் இருந்தது. மூஹுவோ சுய்ஃபெங் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று பன்னிரண்டு. முகம் வேகவைத்த இறால் நிறம். சைக்கிளிலிருந்து இறங்கினாரா விழுந்தாரா என்று சொல்ல முடியாது. வேலிக்கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு லாரியின் கதவுப் பிடியில் கை வைத்தார்.

"மீன் தொட்டி" என்றார். வேறொன்றும் சொல்ல மூச்சு இல்லை.

பீஷியா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குவோதோங் முனகினான். "அண்ணே, மன்னிச்சுக்குங்க. எனக்குக் கால் பிடிச்சிக்கிச்சு. ஒரே இருக்கைதான் இருக்கு." இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடத்துக்கு முன்னால் அவன் அந்த இருக்கையில் ஏறியபோது பிடித்தது வலது கால் என்பதைப் பீஷியா கவனித்திருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"பின்னாடி ஏறிக்கிறேன்" என்றார் மூஹுவோ.

"போலீஸ் பிடிப்பான்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? மிதிங்க." அவள் வாழைப்பழம் ஒன்றை அவர் கையில் திணித்தாள். தன் கம்பளிக் கழுத்துத்துணியைக் கழற்றி அவர் கழுத்தில் சுற்றினாள். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். கண்ணாடிக்கு வெளியே அவர் ஏதோ திட்டினார். அதற்கு மூச்சு இருந்ததைப் பார்த்து அவளுக்கு நிம்மதியாயிற்று.

மேலே பனிமூட்டம் இறங்கியிருந்தது. பீஷியா ஒவ்வொரு வளைவிலும் வண்டியை ஓரங்கட்டி, மஞ்சள் விளக்கைச் சிமிட்டவிட்டுக் காத்திருப்பாள். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் முனகல் வரும், பிறகு தலைக்கவசம், பிறகு மனிதர். அவர் கண்ணில் பட்டதும் அடுத்த வளைவுக்கு நகர்வாள். குன்யாங் என்ற இடத்துக்கு மேலே இரண்டு தடவை அவர் இறங்கித் தள்ளினார். அதைப் பார்க்காதது போல அவளும் குவோதோங்கும் வேறு பக்கம் திரும்பி வானிலை பற்றிப் பேசினார்கள்.

இரண்டரை மணிக்கு மூஹுவோ ஊலிங் பெயர்க்கல்லைத் தொட்டார். மற்றவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டே காத்திருந்து கைதட்டினார்கள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தங்கநிறக் கூட்டை எல்லோருக்கும் காட்டினார்.

"இதுதான். வேறெதுவும் இல்ல. நீயே சொல்லு" என்றார் மனைவியிடம்.

"ஆமாம். நல்ல சாமான்" என்றாள் பீஷியா.

குவோதோங்குக்குத் திடீரென்று கால் சரியாகிவிட்டது. தன் சைக்கிளை இறக்கி, இறக்கத்தில் சீழ்க்கையடித்துக்கொண்டே பனிக்குள் போனான். மூஹுவோ அவன் போன திசையைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு லாரிக் கதவருகே வந்து நின்றார்.

"மேல வர்றதுக்குத்தானே பந்தயம்? கீழ போறதுக்கு இல்லையே?"

"இல்ல."

"ஏறிக்கலாமா?"

"இப்பதான் இடம் இருக்கே, ஏறுங்க" என்றாள். முதல் வளைவு திரும்புவதற்குள் அவர் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார்.