இசைத்தட்டில் வீறிட்டவள்

கல்யாணமாகி, ரயில்வே ஆபீசில் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் நான் ஒரு பெண்ணின் கூச்சலில் மனத்தைப் பறிகொடுத்தேன். அவளைப் பார்த்ததில்லை. எந்த ஊர்க்காரி என்றும் தெரியாது. மேல்நாட்டு ராக் பாடகர் ஒருவர் மேடையில் பாடப் பாடவே பதிவு செய்ததாக அட்டையில் போட்டிருந்த எல்.பி. ரெக்கார்டில், மூன்றாவது பாட்டில் அவள் வீறிடுவாள். அதைக் கேட்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் பொன்மலைக்குப் போவேன். வீட்டில் பாட்டுக் கேட்கப் போவதாகச் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. அது இன்னும் அவமானம்.

ரெக்கார்டும் அதைப் போடும் பிளேயரும் என் ஆபீஸ் நண்பனுடையவை. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஆங்கிலோ-இந்தியன். இங்கிலாந்துக்குப் போய்விட்ட அவன் அக்கா அனுப்பிய ரெக்கார்டு அது.

ஊசி தட்டில் இறங்கியதும் முதலில் வருவது பாட்டல்ல, கூட்டம். வைகுண்ட ஏகாதசியன்று வாசல் திறக்கிற நேரத்து இரைச்சல். நடுவில் கிதாருக்குச் சுருதி சேர்க்கிறார்கள். பாடகர் தொண்டையைச் செருமுகிறார். முதல் இரண்டு பாட்டும் தடதடவென்று ஓடி முடிகின்றன. மூன்றாவது நிதானமான பாட்டு. ஒரு வரியைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் சும்மா இருக்கிறார். அந்த மௌனத்தில்தான் அவள் வீறிடுவாள். குரல் உச்சிக்குப் போய் உடைந்து, கடைசியில் ஒரு விக்கலாக முடியும். உடனே ஓர் ஆண் விசிலடிப்பான். பாடகர் லேசாகச் சிரித்துவிட்டு, விட்ட வரியை எடுப்பார். அந்தச் சிரிப்பை நான் எப்படியெல்லாம் கொண்டாடியிருக்கிறேன்! பாடுகிறவனும் கேட்கிறவளும் ஒரு கணம் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள், அதற்குப் பொன்மலையில் நான் சாட்சி என்று நினைத்திருந்தேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பாட்டின் வார்த்தைகள் எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. ஆனால் நான் ஸ்ரீரங்கத்துக்காரன். எங்கள் ஊர்க் கச்சேரிகளில் ராகம் தெரியாதவர்கள் முன்வரிசையைப் பார்ப்பார்கள். முன்வரிசைத் தலைகள் ஆடினால் தாங்களும் ஆட்டுவார்கள். நான் அப்படியே வளர்ந்து ரசிகனானவன். இந்த ரெக்கார்டில் அவள்தான் என் முன்வரிசை.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு வாசகசாலையில் மாதம் ஒருமுறை யாராவது எதைப் பற்றியாவது பேசுவது வழக்கம். தலைவர் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். ராக் சங்கீதத்தைச் சங்கீதம் என்று நான் சொன்னதிலிருந்து என்னைக் கண்டால், "என்ன ஓய், கத்தல் கச்சேரி எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு மாதம் என் பெயரைக் கொடுத்தேன். ஊரில் என் ரசனைக்கு மிச்சமிருந்த கொஞ்ச மரியாதையும் அன்றைக்குப் பணயம்.

நண்பன் பிளேயரை மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தான். நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். "பாஷை புரியலேன்னா பாதகமில்லை. கூட்டத்தைக் கேளுங்கோ. இதுலே ஒளிவு மறைவு கிடையாது. ரசிகாள் இல்லாம இந்தப் பாட்டே இல்லை" என்றேன். மூன்றாவது பாட்டு வந்தது. அவள் வீறிட்டாள், விசில் வந்தது, அவர் சிரித்தார். நாற்காலிக்கடியில் தலைவரின் பாதம் தாளம் போட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

"பேஷ். இன்னொண்ணு இருந்தா போடச் சொல்லுமே" என்றார் தலைவர்.

நண்பன் அதே கம்பெனி ரெக்கார்டு ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தான். வேறு பாடகர், வேறு ஊர், வேறு மேடை. கூட்டம் இரைந்தது. ஆட்டம் போடவைக்கிற பாட்டு ஒன்று ஓடி ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில் ஒரு பெண் வீறிட்டாள். உச்சியில் உடைந்தது. விக்கல். விசில்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. மற்றவர்களுக்கு அடைக்கவில்லை. வானொலிக் கச்சேரியில் இருமுவது யார் என்று இருமலை வைத்தே சொல்கிற ஊர் அது.

"ஓய், அந்தப் பொண்ணு இங்கேயும் வந்துட்டாளே!" என்றார் தலைவர்.

"அவ ரெண்டு கச்சேரிக்கும் போயிருக்கலாமே" என்றேன்.

"போகட்டும், பரம பக்தை. விசிலடிக்கிறவரும் கூடவே வந்திருக்காரே, ஆத்துக்காரரோ?"

அதற்குப் பிறகு கூட்டத்தில் எழுந்த சிரிப்பு கலப்படமில்லாதது. அதை யாராவது பதிவு செய்திருக்கலாம்.

நண்பனை பஸ் ஏற்றிவிடப் போனபோது கேட்டேன். "உனக்குத் தெரியுமாடா?"

"என்ன மேன், இது எல்லாருக்கும் தெரியுமே. ரூம்ல பாடிட்டு, கூட்டத்துச் சத்தத்தை அப்புறம் சேத்துடுவாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீ கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து கேப்பே. எப்படி மேன் சொல்றது? எங்க அம்மாகூட வேணாம், அவரு பாவம்னு சொல்லிட்டாங்க."

அவன் அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. நான் கண்ணை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சுற்றி ஒரு குடும்பமே கண்ணைத் திறந்துகொண்டு பரிதாபப்பட்டிருக்கிறது. அந்தப் பாடகரையாவது மன்னித்துவிடலாம். அவருக்கு என்னைத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு? கதவு சாத்திய அறையில், எதிரில் ஒருத்தியும் இல்லாமல், அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார்? யோசிக்க யோசிக்க, பஸ் பிடித்துக் கேட்க வரப்போகிற ஒருவனைப் பார்த்துத்தான் என்று பட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கூட்டம் பொய், கைதட்டல் பொய், வீறிட்டவள் அங்கே இருந்ததே பொய் என்று சொன்னேன். மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். முறத்தை ஒருமுறை தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏன்னா, பாடினதாவது அவன்தானா? அதையும் விசாரிச்சேளோ?"