ரோட்டோரக் கபுறு

இஸ்மாயில் காக்கா, உங்களைத் தேடி மையவாடிக்கு வந்தேன்.

ஊரில் எந்த ஜனாஸா ஊர்வலம் போனாலும் முன்னால் ஓடி, கைகளை விரித்து பஸ்ஸை மறித்து ஏசுவீர்கள். விசர் என்று உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். என் வாப்பாவின் ஜனாஸாவுக்கும் நீங்கள்தான் வழி எடுத்துத் தந்தீர்கள். நீங்கள் மௌத்தானபோது நான் கத்தாரில் இருந்தேன்.

தலைமாட்டில் மீசான் கல் இல்லாததால் உங்களை அடக்கிய கபுறு எதுவென்று தெரியவில்லை. குழி வெட்டுகிறவரிடம் கேட்டேன். அவர் மதிலோரத்தைக் காட்டினார்.

"ரோட்டுப் பக்கம் வைங்கடா, பஸ்ஸைப் பார்க்கணும் எண்டு சொல்லி வெச்சவர்."

சிரித்தேன். பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை.

"நான் அவருக்கு ஒரு மீசான் கல் நடவா?"

"சொந்தக்காரர்தானே நடுற. நீங்க ஆரு?"

"அவருட தம்பி."

உங்களுக்கு யாருமில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் குழி தோண்டும் அலவாங்கை என்னிடம் நீட்டினார்.

வாசிக்கிற எல்லாரும் என் இஸ்மாயில் காக்காவுக்காக ஒரு துஆ கேளுங்கள்.