முள் இறங்காத தராசு

செய்தி தொலைபேசியில் வந்தது. நம் தூண்டில் சங்கத்தின் செயலாளர்தான் என் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். "வேலாயுதம் காலையில போயிட்டாரு லா. நெஞ்சு வலியாம்" என்றார். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார்: "தலைவர் அவர் பேருல ஒரு கோப்பை வைக்கச் சொல்லிட்டாரு. அடுத்த போட்டியில பெரிய மீன் பிடிக்கிறவங்களுக்கு." வந்த கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. எந்தத் தராசில் நிறுத்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். செயலாளரோ, தோ பாயோவில் வேலாயுதத்தின் வீடு எந்த புளோக் என்று என்னிடம் விசாரித்தார்.

இப்போது சங்கத்தின் நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் துணிச்சலே துணிச்சல். எழுதுகிறேன், ஒரு வரியும் வெட்டாமல் போடுங்கள்.

வேலாயுதமும் நானும் துறைமுக அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலுக்குத் தராசு வாங்க என்னையும் தேக்கா கடைத்தெருவுக்கு இழுத்துப் போனார். கடைக்காரர் எடுத்துப் போட்ட ஸ்பிரிங் தராசுகளில் பெரியதை உடனே ஒதுக்கினார். "மூட்டை நிறுக்கிற தராசுல ரெண்டு கட்டி, அதாவது ஒரு கிலோ சொச்சம் மீனை மாட்டினா அது எடை சொல்லாது, குத்துமதிப்புதான் சொல்லும்" என்றார். பிறகு பையிலிருந்து அரசாங்க முத்திரை குத்திய எடைக்கற்களை எடுத்தார். சிறியதை மாட்டினார், பெரியதை மாட்டினார், மறுபடியும் சிறியதை மாட்டினார். ஒவ்வொன்றையும் கழற்றியபின் குனிந்து முள்ளைப் பார்த்தார். "அண்ணே, மீன் நிறுக்கவா, தங்கம் நிறுக்கவா?" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். இவர் நிமிரவே இல்லை. "ஏறுறதுக்கு எல்லா முள்ளும் ஏறும். இறங்குதான்னு பாக்கணும்" என்றார். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கடைக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

அவரை மகான் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார முடியாத மனிதர். நான் ஏழு கட்டி என்று பெருமையடித்த மீனை மரக்கிளையில் கட்டிய தன் தராசில் தொங்கவிட்டு, "அஞ்சரை. ஈரச் சாக்கையும் சேத்துப் பிடிச்சியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்பார். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை நான் அவரோடு பேசமாட்டேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியாது. வீட்டுக்குப் போனதும் தராசை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தான் குளிப்பார்.

நீங்கள் மறந்திருக்க முடியாத அந்தப் போட்டி பாசிர் ரிஸ் கடற்கரையில் நடந்தது. தலைவர் வழக்கம்போலத் தன் கடையில் வெங்காய மூட்டை நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து கட்டினார். முதலில் செல்வதுரை மாஸ்டரின் கொடுவா மீன். அடுத்து தலைவர் பிடித்த ராட்சதத் திருக்கை மீன். திருக்கை போட்டியில் சேராது என்பது நம் விதி. ஆனாலும் படம் எடுப்பதற்காக அதைத் தொங்கவிட்டு, வேட்டியைச் சரிசெய்து, பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அதைக் கழற்றியபின் மாட்டியது வேலாயுதத்தின் கொடுவா. மாஸ்டரின் மீனை அது கொஞ்சம் மிஞ்சியது. கைதட்டினீர்கள். வெற்றி மாலை வந்தது.

வேலாயுதம் மாலைக்குத் தலை குனியவில்லை. மீனைக் கழற்றிவிட்டு முள்ளைக் காட்டினார். ஒன்றும் தொங்காத தராசு அரைக் கட்டி காட்டியது. "திருக்கை இழுத்த இழுப்புல ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. முள் இன்னும் இறங்கல. ரெண்டு மீனையும் என் தராசுல மறுபடி போடுங்க. மாஸ்டர்தான் ஜெயிச்சிருப்பாரு" என்றார்.

தன் வெற்றியைத் தானே வேண்டாமென்ற மனிதருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? தலைவர், "என் கடைத் தராசையா பொய்ங்கிறே? நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்?" என்று கத்தினார். உடனே உங்களுக்கு நியாயம் புரிந்துவிட்டது. தலைவரை அவமானப்படுத்தவே வேலாயுதம் கோளாறான தராசோடு வந்தார் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். யாருக்காக அவர் பேசினாரோ அந்த மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். மறுகூட்டத்தில் உறுப்பினர் பட்டியலிலிருந்து வேலாயுதத்தின் பெயரை அடித்தீர்கள். கூடவே நின்றதற்காக என் பெயரையும் அடித்தீர்கள், அது எனக்குக் கௌரவம். அவருக்கு அப்படியில்லை. "என்னைத் திருட்டுத் தராசுக்காரன்னுட்டாங்களேப்பா" என்று மதிய டீயின்போது வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர், ஒரே ஒருவர் வந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் அது ஆறியிருக்கும்.

துக்க வீட்டில் தலைவர் பெரிய மாலையோடு வந்து, "நேர்மைன்னா அது வேலாயுதம்தான்" என்றார். அதைக் கேட்ட வேலாயுதத்தின் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். எல்லோரும் போனபின் அண்ணி அவருடைய தராசைத் துணியில் சுற்றி என்னிடம் தந்தார். "கோப்பை வைக்கப் போறாங்களாமே தம்பி. அவர் பேரை அந்தக் கடைத் தராசுல மட்டும் மாட்ட விடாதீங்க" என்றார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்தத் தராசும், முள் இறங்குகிறதா என்று குனிந்து பார்க்கும் பழக்கமும்தான். இரண்டோடும் போட்டிக்கு வருவேன். தலைவர் தன் தராசில் திருக்கையை மாட்டட்டும், ஆசை தீரப் படமும் எடுத்துக்கொள்ளட்டும். கழற்றியபின் முள் எங்கே நிற்கிறது என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். அது இறங்கவில்லை என்றால், கோப்பையிலிருந்து வேலாயுதத்தின் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் நான் வீடு திரும்புவேன்.